செக்கர் மாமனும் ஏழு படி மேடையும்

இந்த உலகத்தில் செக்கர் மாமன் குற்றம் கண்டுபிடிக்காத பொருள் ஒன்றே ஒன்றுதான். அது செக்கர் மாமன். மற்றபடி சூரியன் கிழக்கே உதிப்பதைக்கூட, "உதிக்கிதான், சரி. நேரத்துக்கு வாறானா?" என்று கேட்கக்கூடிய ஆள் அவர்.

என் அம்மாவுக்குச் சித்தப்பா மகன். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. கேரள அரசு பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக முப்பத்தொரு வருடம் இருந்ததால் பாறசாலை முதல் பூவாறு வரை எல்லாருக்கும் அவர் செக்கர். நடுவழியில் பஸ்ஸை மறித்து ஏறுவார், டிக்கெட் எடுக்காதவனைப் பிடித்து இறக்குவார், கண்டக்டர் பேரில் ஒரு ரிப்போர்ட் எழுதிவிட்டுத் தானும் இறங்குவார். சொந்த மச்சினனையே குளத்தூர் விலக்கில் மழையில் இறக்கிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. கதையல்ல, நடந்ததுதான். அந்த மச்சினன் இன்றும் எங்கள் வீட்டுக்கு வந்தால், மாமன் உள்ளே இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறார்.

ரிட்டயர் ஆனவர்கள் கோயில் கமிட்டியில் சேருவார்கள், இல்லாவிட்டால் வாழை வைப்பார்கள். மறிக்க பஸ் இல்லாமல் போனதும் மாமன் கல்யாண மண்டபங்களைப் பிடித்துக்கொண்டார். ஊரில் யார் வீட்டில் கல்யாணம் நிச்சயமானாலும் மண்டபம் பார்க்க அவரைத்தான் அழைப்பார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஒருவரும் அழைக்க மாட்டார்கள். மண்டபம் பார்க்கப் போகலாம் என்று கார் கதவைத் திறந்தால் அவர் முன் சீட்டில் உட்கார்ந்திருப்பார், மடியில் ஒரு அளவு டேப்பும் பட்டப்பகலில் ஒரு டார்ச்சும்.

மண்டபங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஜங்ஷனில் காலேஜ் வந்த பிறகு முதலில் ஜெராக்ஸ் கடை வந்தது, அப்புறம் ஷவர்மா கடை வந்தது, அப்புறம் மண்டபங்கள் வரிசையாக வந்தன. அம்பூரிப் பக்கம் ரப்பர் வெட்டிச் சம்பாதித்தவர்களும் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களும் கட்டியவை. கட்டியவர்கள் எல்லாருக்கும் ஒரே நோக்கம், பக்கத்து மண்டபத்தை விடத் தன் மண்டபத்தின் மேடை ஒரு படியாவது உயரமாக இருக்க வேண்டும். வாசலில் நாலு தடித்த தூண், உள்ளே ஒரு கண்ணாடி விளக்கு, எதிரே அந்த மேடை. மணமக்களைத் தூரத்தில் நிறுத்தி நாம் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று யார் இவர்களுக்குச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

அந்த மேடைதான் எங்கள் வீட்டுக்கு வினையாக வந்தது.

என் தங்கை சுஜா அந்தக் காலேஜில்தான் பாடம் நடத்துகிறாள். மாப்பிள்ளை குளத்தூர்க்காரர், அதே காலேஜில் ஆபீஸ் வேலை. காலேஜ் முழுக்க அழைக்க வேண்டியிருந்ததால் கல்யாணமும் ரிசப்ஷனும் அந்த ஜங்ஷனில்தான் என்று முடிவாயிற்று. அப்பாவுக்கு இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் வந்து இடது கால் விளங்காமல் போனது. சமதரையில் வாக்கரைப் பிடித்து நடந்துவிடுவார். ஒரே ஒரு படி வந்தாலும் நின்றுவிடுவார். எங்கள் பக்கம் பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுப்பது அப்பாதான். கொடுக்கிற இடம் கதிர்மண்டபம், அதாவது பூவும் நெற்கதிரும் கட்டிய சின்னப் பந்தல். அந்தப் பந்தலை வைக்கிற இடம் மேடை.

"அப்பா கையால பிடிச்சுத் தரணும். இல்லேன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்" என்றாள் சுஜா.

அப்பா தன் பங்குக்கு இரண்டு உத்தரவு போட்டார். "என்னை நாலுபேரு தூக்கிட்டுப் போறது ஒருதடவை உண்டு. அது இப்போ இல்ல, கேட்டியளா? பின்ன, எனக்க காலைச் சொல்லி எவனும் எங்கேயும் ஒரு கல்லுகூட மாத்தப்படாது. நாலாளு என்னைப் பாத்துப் பாவம்னு சொன்னா, நான் வீட்டிலே இருந்துக்கிடுவேன்."

ஆகவே எங்களுக்குத் தேவை படியில்லாத மேடையுள்ள ஒரு மண்டபம். அதையும் அப்பாவுக்காகத் தேடுகிறோம் என்று அப்பாவுக்குத் தெரியாமல் தேட வேண்டும். இந்த லட்சணத்தில் முன் சீட்டில் செக்கர் மாமன்.

முதல் மண்டபம் ஒரு பர்னிச்சர் கடைக்கு மேலே. மாமன் படிகளை எண்ணிக்கொண்டே ஏறினார். "முப்பத்தாறு. இது கல்யாணத்துக்கா, மலையேறி நேர்ச்சை கழிக்கதுக்கா?" லிஃப்ட் இருக்கிறது என்றார் மேனேஜர். லிஃப்டைத் திறந்தால் உள்ளே இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டு அண்டா மாதிரி ஒரு பிரியாணிச் செம்பும் அதைப் பிடித்தபடி ஒரு சமையல்காரரும். செம்பு இறங்கும்வரை காத்திருந்துவிட்டு நாங்களும் இறங்கினோம்.

இரண்டாவது மண்டபத்தில் மேடைக்கு நாலு படிதான், பின்னால் சமையலறை வழியாக ஒரு சரிவுப் பாதையும் உண்டு. எனக்கு நம்பிக்கை வந்தது. மாமன் ஒரு குப்பி தண்ணீரை அந்தச் சரிவில் ஊற்றினார். அது ஓடிய வேகத்தைப் பார்த்து, "அத்தானை இதுல விட்டா நேரா சாம்பார்லதான் போய் நிப்பாரு" என்றார். அதோடு விட்டாரா? சாப்பாட்டு ஹாலுக்குப் போனார். எங்கள் ஊரில் தாலி கட்டி மாலை மாற்ற எட்டு நிமிடம் ஆகும். ஒன்பதாவது நிமிடம் சனம் மொத்தமும் முதல் பந்திக்கு ஓடும். மணமக்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த ஓட்டத்தைக் கதவு தாங்குமா என்று மாமன் சோதிக்க வேண்டுமாம். அம்மாவையும் என்னையும் என் வீட்டுக்காரரையும் ஹாலின் கோடியில் நிறுத்தி, "ஓடுங்க" என்றார்.

"எதுக்கு மாமா?"

"தாலி கெட்டியாச்சு மக்கா. ஓடு."

அறுபத்திரண்டு வயது அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடினாள். மேனேஜர் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கதவு இடுக்கில் மூன்று பேரும் சேர்ந்து மாட்டிக்கொண்டோம். "மூணு பேருக்கே இந்தக் கதி. எண்ணூறு பேருக்கு எலும்பு மிஞ்சாது" என்று மாமன் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த மண்டபமும் போயிற்று.

மூன்றாவது மண்டபத்தை, அங்கே கல்யாணம் நடக்கிற அன்று பார்க்க வேண்டும் என்றார். யார் வீட்டுக் கல்யாணம் என்று எங்களுக்குத் தெரியாது. காலேஜ் ஊரில் அழைப்பில்லாமல் கல்யாணத்துக்குப் போவது ஒரு பெரிய விஷயமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலில் சாப்பாடு சரியிருக்காது. பையன்கள் நல்ல சட்டை போட்டு, மூன்று மூன்று பேராக மண்டபங்களுக்குப் போய்விடுவார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம் என்று நினைப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக் கூட்டம் என்று நினைப்பார்கள். மாமனுக்குச் சாப்பாட்டு ஹால் வாசலில் அவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. டிக்கெட் இல்லாத பயணிகளைப் பார்த்து எத்தனை வருடம்!

"எலே மக்கா, நில்லு. பெண்ணுக்க பேரு என்ன?"

"சேச்சியைத் தெரியும் அங்கிள். பேரு... சட்டுனு வரல்ல."

"மாப்பிளைக்க பேரு?"

பையன் எட்டி, மேடையில் பூவால் எழுதியிருந்த பெயரைப் படிக்கப் பார்த்தான். மாமன் மறைத்துக்கொண்டு நின்றார். அதற்குள் பின்னால் நின்ற இன்னொருவன் கேட்டான், "அங்கிளுக்குத் தெரியுமா?"

மாமனுக்கும் தெரியாது. சத்தம் கேட்டுப் பெண்ணின் அப்பா ஓடிவந்தார். "நிங்ஙள் ஆரா?" என்று மாமனைக் கேட்டார். மாமன் டார்ச்சை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "செக்கிங்" என்றார். சாப்பாட்டைச் சோதிக்கிற ஆபீசர் என்று நினைத்து அந்த மனிதர் நடுங்கிப்போய், மாமனை முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார வைத்தார். ஹாஸ்டல் பையன்களை மாமனின் ஸ்டாஃப் என்று எண்ணி அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்தார். மாமன் பாயசம் வரை சாப்பிட்டுவிட்டு, பச்சடியில் உப்பு கூடுதல் என்று சொல்லிவிட்டு எழுந்தார். அதற்குள் நானும் அம்மாவும் வெட்கம் தாங்காமல் காரில் போய் உட்கார்ந்துவிட்டோம்.

இப்படிப் பதினோரு மண்டபம். ஒன்றில் மேடை தாழ்வு, ஆனால் வாசலில் ஒன்பது படி. ஒன்றில் படியே இல்லை, ஆனால் கூரையும் பாதி இல்லை. மாமன் ஒவ்வொன்றிலும் எங்களுக்குத் தேவையில்லாத இருபது குற்றத்தைக் கண்டுபிடித்து, மேனேஜரோடு சண்டை போட்டு, எங்களைத் திரும்பப் போக முடியாதபடி செய்துவிட்டு வந்தார். அதற்குள் சிங்ஙம், அதாவது ஆவணி மாதத்து முகூர்த்த நாள்கள் தீர்ந்துகொண்டு வந்தன. குளத்தூரிலிருந்து தினம் போன். எனக்குப் பொறுமை போய்விட்டது. மாமனிடம் சொல்லாமல் பைபாஸ் ஓரத்து ஏ.சி. மண்டபத்தை புக் செய்தேன். வாசலில் படியில்லை, ஆனால் மேடைக்கு ஏழு படி. கடைசி நிமிடத்தில் நாலு பையன்களை வைத்து அப்பாவை நாற்காலியோடு தூக்கிவிடலாம், சபையில் வைத்து அவர் என்ன செய்துவிடுவார் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

அழைப்பிதழ் பார்த்து மாமன் வந்தார். கத்துவார் என்று காத்திருந்தேன்.

"எத்தனை படி?"

"ஏழு."

"தூக்கப் போறியளோ?"

நான் அழைப்பிதழ்க் கட்டை அடுக்கத் தொடங்கினேன். அவர் ஒரு குற்றமும் சொல்லாமல் போய்விட்டார். தொல்லை விட்டது என்று நான் அம்மாவிடம் சொன்னேன்.

கல்யாணத்தன்று காலை மண்டபத்துக்குள் நுழைந்தேன். மேடை காலியாகக் கிடந்தது. கதிர்மண்டபத்தை மேடைக்குக் கீழே, நாற்காலிகளுக்கு முன்னால் வெறும் தரையில் நிறுத்தியிருந்தார்கள். பூக்காரர்கள் மூலையில் முழித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் செக்கர் மாமன், கையில் டார்ச்.

"மேடைப் பலகை இத்துப் போச்சு! ஆளு ஏறினா அப்படியே உள்ள போவும்! நான் அடியில போய்ப் பாத்தாச்சு!"

மேனேஜர் அழாத குறை. "எந்தா சாரே இது? போன மாசம் புதுசாப் பணிஞ்ச மேடையாணு!" என்று சொல்லி, அவரே மேடையில் ஏறித் தொம் தொம்மென்று குதித்துக் காட்டினார்.

"நீ எத்தனை கிலோ இருப்பே? போட்டோ எடுக்க நாப்பது பேரு ஒண்ணா ஏறுவாங்களே, அது தாங்குமா? கேடு வந்தா நீ சமாதானம் சொல்லுவியா?"

மாப்பிள்ளையின் பெரியப்பா கொதித்தார். "இவ்வளவு பெரிய மேடை இருக்க, எங்க பயலைத் தரையில இருத்தவா கொண்டுவந்தோம்?" பின்வரிசையில் இருந்தவர்கள் ஒன்றும் தெரியவில்லை என்று நாற்காலி மேல் ஏறினார்கள். "கூறு கெட்ட மனுசன்" என்று யாரோ உரக்கச் சொன்னார்கள். நான் அதைவிட மோசமாகச் சொன்னேன். இருபத்தைந்து வருடமாக எங்கள் குடும்பத்து நல்ல காரியம் ஒவ்வொன்றையும் கெடுத்தீர்கள், இதையும் கெடுத்துவிட்டீர்கள் என்று அத்தனை பேர் முன்னால் அவரைப் பார்த்துக் கத்தினேன். மாமன் டார்ச்சை அணைத்தார். பந்தலைப் பிரித்து மேடையில் கட்ட நேரமில்லை, முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது.

அப்போது அப்பா வாக்கரோடு உள்ளே வந்தார். நடந்ததைக் கேட்டார். காலி மேடையைப் பார்த்தார், தரையில் நின்ற பந்தலைப் பார்த்தார்.

"அந்தச் செக்கருக்க பேச்சைக் கேட்டு எல்லாவனும் ஆடுதியளே, வெக்கமில்லியா?" என்று திட்டிக்கொண்டே ஹாலின் நடுவழியாக நடந்தார். திட்டுகிற மும்முரத்தில் வழக்கத்தை விட வேகமாகவே நடந்தார். பந்தலுக்கு முன்னால் வாக்கரை விட்டுவிட்டு, சுஜாவின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தார். யாரும் அவரைப் பாவம் என்று பார்க்கவில்லை. பார்த்தவர்கள் அத்தனை பேரும் மாமனைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார்கள். சுஜா அழுதாள்.

ஒன்பதாவது நிமிடம் சனம் சாப்பாட்டு ஹாலுக்கு ஓடியது. காலியான ஹாலில் நான் தனியாக அந்த மேடையில் ஏறினேன். நடந்து பார்த்தேன். குதித்தும் பார்த்தேன்.

மாமன் கைகழுவும் இடத்தில் நின்று குழாய்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"மாமா, மேடையில ஒரு கேடும் இல்லியே?"

"முப்பத்தொண்ணு வருசம் செக்கிங்கில இருந்தவனுக்கு நல்ல பலகை எது, இத்த பலகை எதுன்னு தெரியாதாக்கும்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அத்தானுக்கிட்ட மிண்டிராதே, மக்கா" என்றார்.

நான் இதுவரை அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் இன்றும் வருகிறவர்களிடமெல்லாம், அந்த மேடை மட்டும் உருப்படியாக இருந்திருந்தால் ஏழு படியும் ஏறியிருப்பேன், செக்கர் கெடுத்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமன் பக்கத்திலேயே உட்கார்ந்து, "ஏறியிருப்பீரு, ஏறியிருப்பீரு" என்றபடி பத்திரிகை படிப்பார். வாழ்நாளில் அவர் கொடுத்த ஒரே பொய் ரிப்போர்ட் அது. அதற்காக எண்ணூறு பேரிடம் ஏச்சு வாங்கினார். அதில் பெரும்பங்கு என்னுடையது.

அன்று கடைசிப் பந்தியில்தான் அவருக்கு இலை கிடைத்தது. போளி தடித்துவிட்டது, பாயசத்தில் முந்திரி போதாது, இலையைத் திருப்பிப் போட்டிருக்கிறான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் இலையில் இன்னொரு போளியை வைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் "ஆமா மாமா, ஆமா மாமா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.