யானைக்குப் போட்ட மரியாதை

"அழி! கெதியா அழி!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தக்ஷாயினி போனில் அழிக்கும் பொத்தானை அமத்தினாள். ஒலிப்பதிவு மறைந்தது. நெஞ்சில் கையை வைத்து மூச்சு விட்டாள்.

கணவன் வினோஜன் போனை வாங்கிப் பார்த்தான்.

"என்னகா செஞ்ச நீ? உன்ட போனில மட்டும்தான் அழிஞ்சிரிக்கு. குறூப்பில எல்லாருக்கும் அப்படியே கிடக்கு."

"ஐயோ! மாமாக்குமா?"

"அப்பாக்கும்தான். இனி உன்னால மட்டும்தான் அதக் கேக்க ஏலாது."

'தேற்றாத்தீவுச் சொந்தங்கள்' வாட்ஸ்அப் குறூப்பில் கத்தார் மச்சான் முதல் அடுத்த ஒழுங்கையில் இருக்கும் அத்தை வரை எல்லோரும் இருந்தார்கள். மாமனார் கதிர்காமத்தம்பியும் இருந்தார்.

எல்லாவற்றுக்கும் காரணம் எழுத்துதான். தக்ஷாயினிக்குப் பாமசியில் மருந்து கொடுக்கும் வேலை. சனிக்கிழமைகளில் மட்டக்களப்பு டவுனுக்குப் போய்க் கதை எழுதப் பழகினாள். அவளுடைய முதல் கதையை வகுப்பில் எல்லோருக்கும் கேட்க வாசித்தார் நிஸ்தார் சேர். 'வெண்மதி தன் வெள்ளிக் கிரணங்களை வாவி நீரில் வாரி இறைத்தாள்' என்று தொடங்கியது அது.

"இது ஆர் எழுதின?"

"நான்தான் சேர்."

"பாமசிக்கு வாற ஆக்களோட நீங்க இப்படியா கதைக்கிற? 'ஐயனே, இவ்வில்லையை உணவின் பின் உட்கொள்வீராக' எண்டா?"

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள், காது மட்டும் சுட்டது.

"உங்களுக்கெண்டு ஒரு குரல் இரிக்கும். வீட்டுக் கதை ஒண்டை வாயால சொல்லி, ரெக்கோட் பண்ணிக் கேளுங்க. பிறகு எழுதுங்க" என்றார் சேர்.

வீட்டில் அதற்கென்றே ஒரு கதை இருந்தது. வயல் வட்டைக்குள் வந்த யானையைத் தனியாளாக விரட்டினேன் என்று மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். உண்மை மாமி கண்ணகைக்குத் தெரியும். மாமி சொல்லி மருமகளுக்கும் தெரியும். யானை வந்தபோது மாமா காவல் பரணில் ஏறிவிட்டார். ஏறும்போது இடுப்பில் கட்டியிருந்த சாரன் ஏணியில் மாட்டிக் கீழேயே நின்றுவிட்டது. மாமா மேலேயிருந்து கும்பிட்டபடி சொன்னாராம்: "ஐயா, நீங்க பெரிய ஆள். வந்தது சந்தோசம். ஆறுதலாச் சாப்பிடுங்க, அவசரமில்ல. அந்தச் சாரன மட்டும் விட்டுட்டுப் போங்க." யானை சாரனையும் கொண்டு போனது. மாமா உரப்பையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

இதைத்தான் தக்ஷாயினி சொல்லிப் பதிந்தாள். தனக்கே அனுப்ப நினைத்தது குறூப்புக்குப் போய்விட்டது.

"'எனக்குத் தெரிஞ்ச ஒராள்' எண்டுதானே சொல்லிரிக்காய். பேர் இல்ல. பேசாம இரு" என்றான் வினோஜன்.

அவளால் பேசாமல் இருக்க முடியவில்லை. இன்னொரு பதிவு அனுப்பினாள்: "அந்தக் கதை கற்பனை. அது எங்கட மாமா இல்ல. மாமா உரப்பையக் கட்டிக்கொண்டு வந்த ஆளே இல்ல."

வினோஜன் தலையில் கையை வைத்தான். "இவ்வளவு நேரமும் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப விலாசம் குடுத்திட்டாய்."

நிலைமையைச் சரிசெய்ய அவனே எழுதிப் போட்டான்: 'மேலே உள்ள இரண்டு ஓடியோவையும் யாரும் கேட்க வேண்டாம்.' குறூப்பை எட்டிப் பார்க்காதவர்களும் அன்று எட்டிப் பார்த்துக் கேட்டார்கள். கத்தார் மச்சான், "அடுத்தது எப்ப?" என்று கேட்டிருந்தான்.

மறுநாள் பஸ்ஸில், வாசலை அடைத்துக்கொண்டு நின்ற ஒரு பருத்த மனிதரைக் கொண்டக்டர் கும்பிட்டான். "ஐயா, நீங்க பெரிய ஆள். வந்தது சந்தோசம். கொஞ்சம் உள்ளுக்குப் போங்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. தக்ஷாயினி இருக்கையில் குனிந்துகொண்டாள். கொண்டக்டர் சொந்தக்காரன் இல்லையே, அவனுக்கு எப்படிப் போனது? குறூப்பில் ஒவ்வொருவரையும் கேட்டாள். தான் யாருக்கும் அனுப்பவில்லை என்று ஒவ்வொருவரும் சத்தியம் செய்தார்கள்.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சாப்பிட்டதும் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார், பொழுதுபட்டுத்தான் திரும்பி வந்தார்.

"அந்த மனிசன் என்னோடயும் கதைக்குதில்ல. நான்தானே உனக்குச் சொன்ன" என்றாள் மாமி.

தக்ஷாயினி மாமியின் போனை வாங்கி அந்தப் பதிவை முதல்முறையாகக் கேட்டாள். சிரிப்பை விழுங்கிக்கொண்டு, இடையிடையே யானைக்காகவும் பரிதாபப்பட்டு, வேகமாக ஓடியது ஒரு குரல். அந்தக் குரலை அவள் தன் தாளில் ஒருநாளும் கண்டதில்லை. வெட்கத்தையும் மீறிப் பெருமை வந்தது. குந்திய இடத்திலேயே கதையை எழுதி முடித்தாள். ஒரு வெண்மதியும் வரவில்லை.

ஆனால் மாமாவின் மானத்தை விற்று எழுத்தாளராக அவளுக்கு மனம் வரவில்லை. அவர் வேண்டாம் என்றால் கிழித்துப்போடுவது என்று முடிவெடுத்து, கதையோடு அவரைத் தேடிப் போனாள்.

சந்தியில் பக்கீர் நானாவின் தேத்தண்ணிக் கடையில் ஒரே கூட்டம். உள்ளேயிருந்து அவளுடைய குரலே கேட்டது. "...சாரன மட்டும் விட்டுட்டுப் போங்க!" கடை அதிரச் சிரிப்பு. நடுவில் மாமா போனைக் கையில் வைத்துத் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நேரே உள்ளே போனாள்.

"மாமா, என்ன மன்னிச்சிருங்க. இந்தா, இதக் கிழிச்சிருறன். இனி ஒரு கதையும் எழுதமாட்டன்."

மாமா திடுக்கிட்டு எழும்பினார். பக்கீர் நானாதான் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு ஓடிவந்து தாளைப் பிடித்தார்.

"கிழிச்சிராத புள்ள! உன்ட மாமா வாறவன் போறவனுக்கெல்லாம், பஸ் கொண்டக்டருக்கும் சேத்து, பிளேன்டீ வாங்கிக் குடுத்துத்தான் அந்த ஓடியோவக் கேக்க வைக்கிறார். 'யானைக்குப் பயந்தவன் ஊரில நிறையப் பேர், எழுத்தாளர் மருமகள் இரிக்கிறவன் நான் ஒராள்தான்' எண்டு!"