‘நீ’யை நீக்கிய நாள்

“உங்க உதவியில மரியாதையே இல்ல.”

புகார் அவ்வளவுதான், ஒரே வரி. வரவேற்பறையில் எழுதி வைத்திருந்த அந்தச் சீட்டை முதலாளியம்மா கொண்டுவந்து முற்றுப்புள்ளியின் மேசைமேல் வைத்தார்.

முற்றுப்புள்ளி என்பது அலுவலகம் அவருக்கு வைத்த பெயர். எந்தப் பேச்சிலும் கடைசி வார்த்தை தன்னுடையதாக இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பள்ளிகளுக்கென்று அந்த நிறுவனம் விற்கும் எடிட்டரை, அதாவது கணினியில் தமிழ் எழுதித் திருத்தும் மென்பொருளை, எழுதியது, பழுது பார்ப்பது, சந்தேகம் தீர்ப்பது எல்லாம் அவர்தான்.

“புகார் குடுத்தது நம்ம பெரிய வாடிக்கையாளர். ஸ்கூல் தலைமை ஆசிரியை. நாலு மணிக்கு நேர்லயே வர்றாங்க,” என்றார் முதலாளியம்மா. “அவங்க சந்தோஷமாப் போனா டீம் லீடர் நாற்காலி உங்களுக்கு. கோபமாப் போனா நான் வெளியில ஆள் பாக்க வேண்டியதுதான்.”

டீம் லீடர் நாற்காலிக்குக் கைப்பிடி உண்டு. முற்றுப்புள்ளி ஆறு வருடமாகக் கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து முழங்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பவர்.

“இதென்ன பெரிய விஷயம், மேடம்? கமெண்ட்டை எல்லாம் கொஞ்சம் தூசி தட்டணும். அவ்வளவுதான்.”

உண்மையிலேயே சின்ன விஷயம்தான். நிரலில் ஒவ்வொரு கட்டளைக்கும் மேலே, அது என்ன செய்யும் என்று மனிதர்கள் படிப்பதற்காக ஒரு குறிப்பு இருக்கும். அதுதான் கமெண்ட். இயந்திரம் அதைச் சட்டை செய்யாது. ஆனால் இந்த எடிட்டரில் ‘உதவி’ என்ற பொத்தானை அழுத்தினால் வரும் பக்கம் அந்தக் குறிப்புகளிலிருந்துதான் தானாகத் தயாராகும். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு குறிப்புகள். எல்லாம் அவரே ஆறு வருடத்துக்கு முன் அவசரத்தில் எழுதியவை. ‘நீ இதை அழுத்து’, ‘நீ அடுத்த வரிக்குப் போ’ என்று ஒரே அதட்டல்.

“எல்லா ‘நீ’யையும் ‘நீங்கள்’னு மாத்திட்டா முடிஞ்சுது,” என்றார்.

“ஒவ்வொண்ணாப் பாத்து மாத்துங்க, சார்,” என்றார் பக்கத்து மேசை டெஸ்டர். முற்றுப்புள்ளியைவிடப் பத்து வயது மூத்தவர். அடுத்தவர் வேலையில் தப்பு கண்டுபிடிப்பதற்காகவே சம்பளம் வாங்குபவர்.

“நீ உன் வேலையைப் பாரும்மா. கம்ப்யூட்டர் பின்ன எதுக்கு இருக்கு?”

‘அனைத்தையும் மாற்று’ பொத்தானை ஒரு தட்டு தட்டினார். ஆயிரத்துத் தொள்ளாயிரம் இடங்களில் மாற்றியதாகத் திரை அறிவித்தது. நானூறு குறிப்பில் அத்தனை ‘நீ’யா என்று லேசாக உறுத்தியது. மரியாதை கூடினால் நல்லதுதானே என்று காபி குடிக்கப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது டெஸ்டர் உதவிப் பக்கத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

“‘வரியின் நீங்கள்ளத்தைக் குறைக்க, நீங்கள்ல நிறப் பொத்தானை அழுத்து. தேவையில்லாத சொல்லை நீங்கள்க்கு.’ சார், இது எந்த ஊர்த் தமிழ்?”

நீளம், நீலம், நீக்கு. எல்லாவற்றின் தலையிலும் ‘நீ’ உட்கார்ந்திருந்ததை அவர் யோசிக்கவே இல்லை.

“காலையில இருந்த பழைய பிரதியை எடுத்துப் போட்டுடுங்க, சார்.”

“போட்டா ‘திரும்பப் பெறப்பட்டது’னு என் பேர்ல பதிவாகும். லீடராகப் போறவன் திரும்பப் பெறலாமா?”

அதனால் ‘நீங்கள்’ எல்லாவற்றையும் ‘நீ’ என்று மாற்றினார். ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாதென்று பொத்தானை இரண்டு முறை தட்டினார். நீளமும் நீலமும் பிழைத்தன. ஆனால் முதல் குறிப்பாக முதலாளியம்மாவே கைப்பட எழுதிய நன்றியுரையும் சேர்ந்து மாறிவிட்டது.

“‘மதிப்புக்குரிய வாடிக்கையாளரே, நீ இல்லாமல் நாங்கள் இல்லை,’” என்று படித்தார் டெஸ்டர். “காதல் கடிதம் மாதிரி இருக்கு, சார்.”

“தெரியும், தெரியும். தனியா நிக்கிற ‘நீ’யை மட்டும் இப்போ மாத்தறேன் பாரு.”

மாற்றினார். ‘நீங்கள் அடுத்த வரிக்குப் போ’ என்று வந்தது. முன்னால் மரியாதை, பின்னால் அதட்டல். விடுவாரா? போ என்பதைப் போங்கள் ஆக்கினார், அழுத்து என்பதை அழுத்துங்கள் ஆக்கினார், அழி என்பதை அழியுங்கள் ஆக்கினார்.

டெஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். “‘இந்தக் கோப்பு பிடிக்கவில்லை என்றால், நீங்கள் உடனே அழியுங்கள்.’ சார், இது சாபம்.”

“இலக்கணப்படி சரிதானே?”

“சரிதான். மரியாதையான சாபம்.”

மணி இரண்டு. முற்றுப்புள்ளி முதன்முறையாகக் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தக் கைப்பிடி நாற்காலியில் எவனோ ஒருவன் முழங்கையை ஊன்றிக்கொண்டு தன்னை வேலை வாங்குவது போலத் தோன்றியது.

“ஏம்மா, நீ பாதியைப் பாக்கறியா?” என்றார் தணிந்த குரலில்.

டெஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் மேலிருந்து தொடங்க, டெஸ்டர் கீழிருந்து தொடங்கினார். ஒவ்வொரு குறிப்பாகக் கையாலேயே திருத்தினார்கள். அழியுங்கள் எல்லாம் அழித்துவிடுங்கள் ஆயிற்று. நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இருவரும் நடுவில் சந்தித்துக்கொண்டார்கள். பக்கம் அத்தனை அழகாக இருந்தது. தான் எழுதியதா இது என்று முற்றுப்புள்ளிக்கே கண் கலங்கியது.

“பாத்தியா? சின்ன விஷயம்னு அப்பவே சொன்னேன்ல?” என்றார் டெஸ்டரிடம்.

தலைமை ஆசிரியை சரியாக நாலு மணிக்கு வந்தார். முதலாளியம்மா கண் காட்டியதும் முற்றுப்புள்ளி திரைமுன் நின்று, கணீரென்று படிக்க ஆரம்பித்தார். ‘நீங்கள் விரும்பினால் இதை அழுத்துங்கள்’, ‘உங்கள் வரியின் நீளத்தை நீங்களே தீர்மானிக்கலாம்’ என்று மூன்று பக்கம் போயிற்று. தலைமை ஆசிரியை திரையைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அவர் குரலையே உன்னிப்பாகக் கேட்டார். சொக்கிப் போய்விட்டார் என்று முற்றுப்புள்ளி இன்னும் ஒரு பக்கம் சேர்த்துப் படித்தார்.

“இப்போ எங்க உதவியில மரியாதை இருக்குங்களா, மேடம்?” என்று முதலாளியம்மா ஆவலாகக் கேட்டார்.

தலைமை ஆசிரியை கண்ணைத் திறந்தார்.

“இந்தப் பக்கத்தையே நான் இன்னைக்குத்தாங்க பாக்கறேன். நான் சொன்னது, உதவிக்குன்னு போன் போட்டா ‘ஏம்மா, நீ முதல்ல சுவிட்சைப் போட்டியா’ன்னு ஒரு குரல் அதட்டுதே அதை... இதே குரல்தான்.”