அணைக்கக் கூடாத சுவிட்ச்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் நலம். வெந்நீர்த் தொட்டி உடல் தேறி வருகிறது. அங்கே நீங்களும், என் மகளும், உங்கள் இருவருக்கும் மேலதிகாரியான என் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இது போனில் சொல்லக்கூடிய விஷயம்தான். ஆனால் நான் தொட்டி என்று ஆரம்பித்தாலே என் மகள், "அப்பா, அடுப்புல பால் வெச்சிருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாள். அந்த வீட்டில் எந்நேரமும் பால் அடுப்பில்தான் இருக்கிறது.

போன முறை விடுமுறை முழுவதும் இருப்பதாக வந்த நீங்கள், மறுநாள் மாலையே, "ஆபீஸ்ல அவசரமா கூப்பிடுறாங்க மாமா" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினீர்கள். காரணம் எனக்குத் தெரியாதா? எங்கள் குளியலறையில் வெந்நீரைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். குளித்துவிட்டு வருகிறவர் அந்த நாற்றம் போக இன்னொரு முறை குளிக்க வேண்டும். நீங்கள் பெரிய மனது பண்ணி வாய் திறக்கவில்லை. பேத்தி அப்போதுதான் என்னிடம் அழாமல் வந்து, மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கப் பழகியிருந்தாள். கார் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். பிறகு உள்ளே வந்து அந்தத் தொட்டியை ஓங்கி ஓர் உதை விட்டேன். பெருவிரல் வீங்கியதுதான் மிச்சம்.

அப்புறம் நீங்கள் அனுப்பிய பார்சல் வந்தது. பிரித்தால் ஒரு மெல்லிய கம்பி, ஒரு ஒயர், ஒரு பிளக். "ஜன்னல் திரைக்கா?" என்றாள் உங்கள் மாமியார். போனில் நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். தொட்டிக்குள் ஏற்கெனவே ஒரு மக்னீசியக் கம்பி இருக்கிறது, தொட்டிக்கு வரவேண்டிய அரிப்பையெல்லாம் அது தன் மேல் வாங்கிக்கொண்டு கரைகிறது, எங்கள் தண்ணீரோடு அது சேர்வதால்தான் நாற்றம், அது தீர்ந்துபோனால் அடுத்துத் தொட்டியே துருப்பிடிக்கும் என்றீர்கள். வீட்டில் ஒருவர் எல்லாத் திட்டையும் தானே வாங்கிக்கொண்டு மற்றவர்களைக் காப்பாற்றுகிற மாதிரி என்று புரிந்துகொண்டேன். எனக்குப் பழக்கமான வேலைதான். நீங்கள் அனுப்பிய டைட்டானியக் கம்பியோ கரையாதாம். பிளக்கைச் சொருகினால் துளி மின்சாரம் ஓடி, தொட்டியைத் துரு அண்டாமல் காக்குமாம். "ஆனா இது எப்பவும் ஆன்லயே இருக்கணும் மாமா. ஹீட்டரை அணைச்சாலும் இதை அணைக்கக் கூடாது" என்றீர்கள். "சரிங்க மாப்பிள்ளை" என்றேன். சரி என்றது வாய். கைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

பிளம்பர் வந்தார். தொட்டித் தண்ணீரை இறக்கும்போது அவர் வாளி வைக்க மறந்ததையும், கூடத்தில் என் செருப்பு மிதந்து போனதையும் விட்டுவிடுகிறேன். பழைய கம்பி அசைய மாட்டேன் என்றது. அவர் ஸ்பேனரில் தொங்க, தொட்டி சுவரைவிட்டு வந்துவிடாமல் நான் அதைக் கட்டிப்பிடிக்க, நான் விழாமல் உங்கள் மாமியார் என் சட்டையைப் பிடிக்க, 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. தொட்டி பிளந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் பிளம்பர் கையில் எலி கடித்த பென்சில் போல ஏதோ இருந்தது. "சார், இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா தொட்டி ஓட்டைதான்" என்றார். புதுக் கம்பியைப் பொருத்தி, தண்ணீர் நிரப்பி, பிளக்கைச் சொருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. உங்கள் மாமியார் கை தட்டினாள். நான் எத்தனையோ காரியம் சாதித்திருக்கிறேன், ஒரு நாளும் தட்டியதில்லை.

மறுநாள் காலை பார்த்தால் விளக்கு எரியவில்லை. பிளம்பர் வந்தார், கழற்றினார், மாட்டினார், எரிந்தது. அடுத்த நாள் காலை மறுபடி இருட்டு. மறுபடி வந்தார். "வோல்டேஜ் சார்" என்றார். அப்புறம் "ஒயர்ல பல்லி புகுந்திருக்கும்" என்றார். கடைசியில், "உங்க நேரம் சார்" என்று கையை விரித்தார். நாற்றம் மட்டும் விசுவாசமாக அப்படியே இருந்தது. உங்கள் தலையில் யாரோ போலிச் சரக்கைக் கட்டிவிட்டார்கள் என்று பெட்டியில் இருந்த எண்ணைக் கூப்பிட்டுக் கத்தினேன். "சுவிட்ச் போட்டிருக்கீங்களா சார்?" என்று கேட்டார் அந்த ஆள். யாரைப் பார்த்து என்ன கேள்வி என்று போனை வைத்துவிட்டேன்.

உண்மையைக் கண்டுபிடித்தது உங்கள் மாமியார்தான். கிடங்கில் வேலை பார்த்த காலம் முழுக்க, கடைசி ஆளாகக் கிளம்பி, எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் பூட்டுவது என் பொறுப்பு. ஓய்வு பெற்றது நான்தான், என் கை பெறவில்லை. மாலை நடைக்குக் கிளம்புமுன் வீடு முழுக்கச் சுவரைத் தடவிக்கொண்டு போகிறேனாம். அவள் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து கையும் களவுமாகப் பிடித்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"நான் என்ன பண்ணேன்?"

"அந்தக் கையப் பாருங்க."

பார்த்தேன். விரல் அந்தப் பிளக்கின் சுவிட்சின் மேல் இருந்தது, பச்சை விளக்கு அணைந்திருந்தது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பிளம்பர் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வேலை பார்ப்பார், போகும்போது எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போவார். அவர் கைராசி என்று நாங்கள் நினைத்தது அவ்வளவுதான்.

இப்போது அந்தச் சுவிட்சின் மேல் உங்கள் மாமியார் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டியிருக்கிறாள். கை போகிறது, பிளாஸ்திரியைத் தொடுகிறது, அசடு வழியத் திரும்பி வருகிறது. பச்சை விளக்கு நின்று எரிகிறது. நாற்றம் பாதியாகி, கால்வாசியாகி, இன்று சுத்தமாக இல்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டி வந்து ஒரு குவளை வெந்நீரை முகரச் சொன்னேன். "எதுக்கு சார் இதை முகரணும்?" என்று கேட்டுக்கொண்டே முகர்ந்தார். ஒன்றும் தெரியவில்லையாம். அவர் மூக்கு பொல்லாத மூக்கு, நம்பலாம்.

ஆகவே மாப்பிள்ளை, தயங்காமல் வாருங்கள். இந்த முறை விடுமுறை முழுக்க இருங்கள். பேத்தி நடக்கத் தொடங்குவதற்குள் வந்துவிடுங்கள். அவள் என் முகத்தை மறந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளும் துரு அண்டாத தொட்டியும் பெற்று வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உங்கள் மாமியார் இதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "தண்ணி நாத்தத்துக்கா போனாங்கன்னு நினைச்சீங்க? வந்த அன்னைக்கு மத்தியானம் மூணு பேரும் அசந்து தூங்கினாங்க. நீங்க பூனை மாதிரி உள்ள போய் ஃபேனை அணைச்சீங்க. குழந்தை வேர்த்துப் போய் எழுந்து அழுதுச்சு. மாப்பிள்ளை போட்டாரு, நீங்க மறுபடி அணைச்சீங்க. மறுநாளும் அதே கூத்து. பொண்ணு என்கிட்ட சொல்லி அழுதுட்டுத்தான் கிளம்பினா."

மாப்பிள்ளை, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். உங்கள் அறைக்குப் போய் ஃபேனைப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஆளில்லாத அறையில் அது சுற்றிக்கொண்டிருக்கிறது. நீங்கள் மூவரும் வந்து சேரும்வரை சுற்றும்.