செங்கோடனுக்கு நாலு நாற்காலி

நாமக்கல்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மகள் ஜெயப்பிரியாவுக்கு,

அப்பா பாலசுந்தரம் எழுதுவது. இங்கே நானும் முருங்கை மரமும் தண்ணீர் மோட்டாரும் சௌக்கியம். புனேயில் நீயும் மாப்பிள்ளையும் உங்கள் இரண்டு பேருடைய ஆபீஸ்களும் சௌக்கியமாக இருக்க ஆஞ்சநேயரை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் நான் எதையாவது ஆரம்பித்தால் "சரிங்ப்பா, சாப்ட்டீங்களாப்பா" என்று முடித்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் வைத்துவிட முடியாது.

விஷயம் உன் தொடர்கதை. என் மகள் வாரப் பத்திரிகையில் எழுதுகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லி, வாட்ஸப் குரூப்பில் ஒவ்வொரு வாரமும் பக்கங்களைப் படம் பிடித்துப் போட்டவன் நான்தான். அதில் வருகிற செங்கோடன் என்கிற கிழவன் நாமக்கல்லில் தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரேடிங் பட்டறை நடத்தி மூடியவன், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், பச்சை கேட்டும் முருங்கை மரமும் உள்ள வீட்டில் தனியாகக் கிடப்பவன். சாமி, இவ்வளவு பெரிய ஊரில் மூடின பட்டறையும் பச்சை கேட்டும் முருங்கை மரமும் மூன்றும் சேர்ந்து வாய்த்தவன் ஒருத்தன்தான். அந்தக் கேட்டுக்காவது நீ வேறு பெயின்ட் அடித்திருக்கலாம்.

செங்கோடன் காய்ச்சலில் படுத்து, தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லாமல் கிடந்தான் என்று எழுதினாய் அல்லவா, அந்த வாரம்தான் எனக்குச் சனி பிடித்தது. பத்திரிகை வந்த அன்று மத்தியானமே எதிர்வீட்டு ராமாத்தாள் ரசமும் குழைந்த சோறும் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு, கேட்டைத் திறக்கும்போதே கண்ணைத் துடைத்தபடி வந்தாள். "ஏனுங்ண்ணா, காச்சல்ல கெடந்துட்டு ஒரு வார்த்த சொல்லக்கூடாதுங்களா? எதிர்த்தாப்புல நாங்க என்ன மரமாட்டவா நிக்கறோம்?" என்றாள். எனக்குக் காய்ச்சலே இல்லை, அது செங்கோடனுக்கு என்று சொன்னேன். "பேர மாத்திப் போட்டிருக்குதுங் புள்ள, அப்பன் பேரப் போட்டா நல்லாருக்காதுன்னு" என்று சொல்லிவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்போதுதான் வெயிலில் போய் ரேஷன் வாங்கி வந்திருந்தேன், நெற்றி சுட்டது. அதோடு என் பேச்சு எடுபடவில்லை, ஒரு வாரம் மிளகு ரசம்தான் சாப்பாடு.

அடுத்த வாரம், செங்கோடன் வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு, யாரும் வராத வீட்டுக்கு இரண்டாவது எதற்கு என்று எழுதினாய். நல்ல வரிதான், நானே இரண்டு தடவை படித்தேன். ஆனால் அதைப் படித்த தெருக்காரர்கள் என்னைப் பார்க்க வரும்போது ஆளுக்கொரு நாற்காலியைக் கையோடு தூக்கிக்கொண்டு வருகிறார்கள். போகும்போது எடுத்துப் போவதில்லை, "இருக்கட்டுங்க, நாளைக்கும் வாரோமுல்ல" என்கிறார்கள். வாசலைப் பார்த்த தபால்காரர் என்ன விசேஷம், எப்போது சாப்பாடு என்று கேட்டுவிட்டுப் போனார். நம் வீட்டில் ஏற்கெனவே நான்கு நாற்காலி உண்டு, ஒரு சோபா வேறு உண்டு, நீ உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்த சோபா. அதை ஏன் கதையில் விட்டுவிட்டாய்?

இதில் பெரிய கூத்து ஜீவானந்தம் வந்ததுதான். என் பட்டறைக்கு எதிரே பட்டறை போட்டு, என் வேலையாளை இழுத்துக்கொண்டவன், உன் கல்யாணத்துக்குக்கூட வராதவன். அவன் ஒரு பிரெட் பாக்கெட்டும் சாத்துக்குடியும் ஒரு மர நாற்காலியும் கொண்டுவந்து, அதைப் போட்டு உட்கார்ந்து, என்னோடு சேர்ந்து ஒரு மணி நேரம் டி.வி. பார்த்துவிட்டு, "நெஞ்சு வலின்னு போட்டிருக்குதே, பாத்தயா?" என்றான். வலி செங்கோடனுக்கு என்றேன். "எந்தச் செங்கோடனோ, எந்திரி" என்று வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், டாக்டரிடம் பத்திரிகையை நீட்டினான். டாக்டர் பொறுமையாகப் படித்துவிட்டு எனக்கு ஈ.சி.ஜி. எடுத்தார். இருதயம் நன்றாக இருக்கிறதாம், கதையும் நன்றாகப் போகிறதாம். மறுநாளிலிருந்து ஜீவானந்தம் தினமும் சாயங்காலம் வருகிறான், நான் வைக்கிற சேனலை மாற்றுகிறான், என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு என் டீயில் சர்க்கரை அதிகம் என்கிறான்.

எனக்கு ஒன்று புரியவில்லை சாமி. கதைகளில் வருகிறவர்களுக்குக் கஷ்டம் வந்தால் ஏன் உடனே ஜன்னலோரம் போய் நிற்கிறார்கள்? நம் வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும், அதைப் பார்த்து எவ்வளவு நேரம் துக்கப்படுவது? ஜன்னலுக்குப் போகிற நேரத்தில் வாசலுக்குப் போய், எனக்கு உடம்பு முடியவில்லை, கொஞ்சம் வாருங்கள் என்று கூப்பிட்டால் என்ன கெட்டுப்போகும்? கூப்பிட்டால் கதை முடிந்துவிடும் என்று எழுத்தாளர்கள் விடுவதில்லையா, இல்லை அந்த ஆட்களுக்கே கூச்சமா? இதை ராமாத்தாளிடம் சொன்னேன். "நீங்க எத்தன தடவ கூப்புட்டிருக்கறீங்க?" என்று கேட்டாள்.

மோட்டார் விஷயத்துக்கு வருகிறேன். தொட்டி நிறைந்து வழிந்தால் செங்கோடன் செத்துப்போன பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு மோட்டாரை நிறுத்தச் சொல்கிறான் என்று எழுதிவிட்டாய். இதை உனக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை. நான் கூப்பிடுவது வெறும் பழக்கத்தில், சுவிட்ச் சமையலறையில் இருப்பதால் வருகிற பழக்கம். கூப்பிட்ட பிறகுதான் ஞாபகம் வருகிறது, அப்புறம் நானே எழுந்து போய் நிறுத்துகிறேன். உன் அம்மா இல்லாத வீட்டில் வாசலிலிருந்து சமையலறை வெகுதூரம் போலத்தான் இருக்கிறது, அதை உன்னிடம் மறைப்பானேன்.

அந்த அத்தியாயத்தை, செங்கோடனுக்கு ஒரு துணை வேண்டும் என்று முடித்திருந்தாய். ஜீவானந்தம் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, ஆட்டையாம்பட்டியில் இருக்கிற தன் சித்தி மகள் அத்தாயியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். வயது அறுபதுக்கு மேல், புருஷன் தவறிப்போனவர். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது, சட்டைப் பித்தானைக்கூட மாற்றிப் போட்டிருந்தேன். அந்த அம்மாள் கொண்டுவந்த கைமுறுக்குப் பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு, "பயப்படாதீங்க, அண்ணன் நெனைக்கறாப்புல நான் கலியாணத்துக்கு வரலீங்க. எங்கூட்லயும் தொட்டி நெறஞ்சா நான் அவரத்தானுங்க கூப்படறன். எனக்குத்தான் புத்தி கலங்கிப்போச்சோன்னு இருந்தனுங்க. இன்னொருத்தரும் கூப்படறார்னு படிச்சதும் பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்றார். ஒரு கட்டு முருங்கைக்காய் பறித்துக் கொடுத்து அனுப்பினேன். எங்கோ ஆட்டையாம்பட்டியில் ஒருத்தருக்கு உன் கதை அப்படி ஆறுதலாக இருந்திருக்கிறது, அதற்காக உன்னைத் திட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் இப்படியே போனால் நான் தாங்கமாட்டேன். மத்தியானம் கண்ணயர முடியவில்லை, எந்நேரமும் யாராவது நெற்றியைத் தொடுகிறார்கள். ஆகையால் வருகிற வாரமே செங்கோடனுக்குப் பூரண குணமாக்கி, வீட்டில் நாலு நாற்காலி வாங்கிப் போட்டு, அவன் சந்தோஷமாக இருக்கிறான், யாரும் சிரமப்பட வேண்டாம் என்று தெளிவாக எழுதிவிடு. உன் பத்திரிகை ஆசிரியர் ஒத்துக்கொள்ளாவிட்டால் என் நம்பரைக் கொடு, நான் பேசிக்கொள்கிறேன். இதையெல்லாம் எழுதும்போது நீ அழுதாயா என்று ராமாத்தாள் கேட்கச் சொன்னாள். அழுதிருந்தால் முகத்தைக் கழுவிக்கொண்டு நேரத்தோடு சாப்பிட்டுத் தூங்கு.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். கைக்கு ஓய்வும் வீட்டுக்கு நிறைவுமாக நீங்கள் இரண்டு பேரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அப்பா (செங்கோடன் அல்ல),
பாலசுந்தரம்.

பின்குறிப்பு: ஒட்டின கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். ஜீவானந்தம் வந்து என்ன கடிதம் என்று கேட்டான், சொன்னேன். அவன் முகம் வாடிவிட்டது. "அப்ப அடுத்த வாரம் உனக்குச் சொகமாயிருமா? நாங்க என்னன்னு சொல்லீட்டு வாரது?" என்றான். அதனால் செங்கோடனுக்கு அவசரப்பட்டுக் குணமாக வேண்டாம். காய்ச்சல் போகட்டும், இருமல் கொஞ்ச நாள் இருக்கட்டும். இன்னொரு விஷயம், கதையில் அவனுக்குப் பிள்ளைகளே இல்லை என்று வைத்திருக்கிறாய். மற்றதையெல்லாம் என்னைப் பார்த்து எழுதிவிட்டு அதை மட்டும் ஏன் சாமி மாற்றினாய்? அவனுக்கு ஒரு பெண் இருக்கட்டும். வெளியூரில் வேலை, லீவு கிடைப்பது கஷ்டம், எல்லாம் அவனுக்குத் தெரியும், நாலு நாள் வந்து இருந்துவிட்டுப் போகிறாள் என்று எழுதினால் போதும். அவள் எந்த ரயிலில் வருகிறாள், சேலத்துக்கு எத்தனை மணிக்கு வந்து சேர்கிறாள் என்பதை மட்டும் பத்திரிகையில் போடாமல் எனக்குச் சொல்லிவிடு.