நீர்நாய்க்குப் புருவம் இல்லை

ஈஜிபுராவில் புதிதாக எது வந்தாலும் அது பழையதைவிட மட்டம் என்று அறிவிக்கும் உரிமை ஒரே மனிதருக்குத்தான் இருந்தது. எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்ப்பவர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. "ஒரிஜினல் மாதிரி வராதுப்பா" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வதால் ஒரிஜினல் அண்ணன்.

டீக்கடைக்காரர் மீசையை எடுத்தபோது மூன்று நாள் அங்கே டீ குடிக்கவில்லை. நான் மூக்குக்கண்ணாடியை மாற்றியபோது, "பழைய கண்ணாடில உனக்குக் கொஞ்சம் அறிவு தெரிஞ்சுது தம்பி" என்றார். ஒரு வாரம் எனக்குத் தூக்கம் கெட்டது.

அவருடைய ஒரிஜினல்களுக்கெல்லாம் தலைமை ஒரு கார்ட்டூன் படம். வெள்ளம் அடித்துப் போன நீர்நாய்க் குட்டி, அப்பாவைத் தேடி ஆற்றோடு வருகிற கதை. மனைவி இறந்த பிறகு, ஐந்து வயது மகளை ஓரிடத்தில் உட்கார வைத்துவிட்டுத் தேய்க்க அவருக்கு வாய்த்த ஒரே வழி அந்தத் தமிழ் டப்பிங் சிடிதான். பக்கத்து டீக்கடை டிவியில் தினமும் ஓடியது. குட்டி அழும் கட்டத்தில் இஸ்திரிப் பெட்டியைத் தூக்க மறந்து அவர் கருக்கிய துணிகளுக்குச் சொந்தக்காரர்கள் இன்னும் எங்கள் தெருவில் நடமாடுகிறார்கள்.

மகளுக்குக் கல்யாணம் ஆனது. வரவேற்பில் சம்பந்தி வீட்டார் சூழ நிற்க, மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போட்டோல இருந்தவருதான் லட்சணமா இருந்தாரு" என்றார். அன்று மல்லேஸ்வரம் போன மகள் ஒன்றரை வருஷம் அவரிடம் பேசவில்லை. அவரும் சும்மா இருப்பது போலத்தான் இருந்தார். ஆனால் போன் அடித்தால் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடுவார்.

ஒரு நாள் உண்மையிலேயே அவள் கூப்பிட்டாள். அந்த நீர்நாய்ப் படத்தை நிஜ மிருகம் போலவே மறுபடி எடுத்திருக்கிறார்களாம், போகலாமா என்று கேட்டாள். மாப்பிள்ளைக்கு அன்று வேலை. மிச்ச டிக்கெட்டுக்கு அண்ணன் என்னை இழுத்தார்.

கேஸை மூடினோமா என்று பார்க்கப் பாதி வழியில் வீடு திரும்புகிற ஆள் நான். ரீமேக் படம், பக்கத்தில் மகள், நடுவில் இவர் வாய். இந்தத் தடவை கோபித்துக்கொண்டு போனால் அவள் திரும்பவே மாட்டாள்.

"அண்ணா, பெட்டி மேல சத்தியம் பண்ணுங்க. படம் ஆரம்பிச்சதுலேர்ந்து அவ வீட்டுக்குக் கிளம்பற வரைக்கும் வாயே திறக்கக் கூடாது."

தொழில் பெட்டியைத் தொட்டுச் சொன்ன சொல்லை அவர் மீறியதே கிடையாது. பெட்டி சூடாக இருந்தது. விரலை உதறிக்கொண்டே சத்தியம் செய்தார்.

படம் ஓடியது. நீர்நாய் அசல் நீர்நாயாகவே இருந்தது. ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக நனைந்திருந்தது. முகத்தில்தான் ஒன்றும் இல்லை. கார்ட்டூன் குட்டி புருவத்தை உயர்த்தினாலே தெருவில் ஒரு சட்டை கருகும். இதற்குப் புருவமே கிடையாது. அப்பாவைத் தொலைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நிற்பது போல நின்றது. அண்ணனின் கால் ஆடுவது என் நாற்காலிவரை தெரிந்தது. கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மகள் அவர் பக்கம் சாய்ந்தாள். "அப்பா, இந்த இடத்துல மழை வரும்ல?"

அவர் திரையையே பார்த்தார். குட்டி பாடுகிற பாட்டைக் காணோம் என்றாள். அவர் கைக்குட்டையை இன்னும் உள்ளே தள்ளினார். அடுத்த முறை அவள் குரல் இறங்கிவிட்டது.

"இன்னும் எம்மேல கோவமாப்பா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் ஒப்பிடுவதைக் கேட்கத்தான் அவள் கூப்பிட்டிருக்கிறாள். அந்த வாயை நான் அல்லவா பூட்டி வைத்திருக்கிறேன்.

சத்தியத்தைத் திருப்பித் தருகிறேன், பேசுங்கள் என்று கெஞ்சினேன். தலையை ஆட்டிவிட்டு, இருட்டில் கையை முன்னும் பின்னும் தேய்த்துக் காட்டினார். பெட்டி மேல் வாங்கியதைப் பெட்டி மேல்தான் திருப்ப வேண்டுமாம். முன்வரிசைக்காரர் திரும்பி, "சும்னே கூத்கொள்ளி சார்" என்று கன்னடத்தில் எங்களைச் சும்மா உட்காரச் சொன்னார்.

இடைவேளைவரைகூட நிற்கவில்லை. இருவரையும் வெளியே கூட்டி வந்து, மகளிடம் எல்லாவற்றையும் சொல்லி ஆட்டோவில் ஏற்றினேன். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா சித்தப்பா?" என்று ஈஜிபுரா வரும்வரை அவள் என்னைத் திட்டினாள். பக்கத்தில் அவர் உதட்டைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

தள்ளுவண்டியில் பெட்டி ஆறிப்போயிருந்தது. அவர் கையை வைத்தார். அதன் மேல் என் கையை வைத்துச் சத்தியத்தைத் திருப்பினேன்.

"அது நீர்நாயாம்மா?" என்று வெடித்தார். "புருவம் எங்க? புருவம் இல்லாம அது எப்படிம்மா அழும்?"

"இதக் கேக்கத்தாம்ப்பா உங்களக் கூப்பிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் அழுதாள். பிறகு துணிமூட்டை மேல் வசதியாக உட்கார்ந்து, "சரி, முதல் சீன்லேர்ந்து வாங்க" என்றாள்.

துணி கேட்டு வந்தவர்களையெல்லாம் நாளைக்கு வரச்சொல்லி அனுப்பினேன். அவள் உட்கார்ந்திருந்த மூட்டையில் என் சட்டையும் இருந்தது. மறுநாள் அதைக் கசங்கலோடு போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ஏன் இப்படி என்று யாராவது கேட்க மாட்டார்களா, அண்ணனையும் மகளையும் பற்றிச் சொல்லலாமே என்று சாயங்காலம்வரை காத்திருந்தேன்.