சுப்புராயனுக்கு ஒரு பெர்மி

கோட்டுக்குள் மணவாளனின் இடது கை போய்விட்டது. வலது கை போக மறுத்தது. மிராசுதார் சுப்புராயன் பின்னால் நின்று, கன்றுக்குட்டியைக் கொட்டிலுக்குள் தள்ளுவதுபோல் அதைத் தள்ளினார். முதுகுத் தையல் சத்தத்தோடு விட்டது.

"போவட்டும். முசே முகத்தத்தான பாப்பாரு, முதுக இன்னாத்துக்குப் பாக்கப் போறாரு," என்றார் மிராசுதார்.

இது வில்லியனூரில், முசேயின் பங்களாவுக்கு எதிரே, ஒரு வேப்பமரத்து மறைவில் நடந்தது. கார் ஓட்டும் லைசென்சான பெர்மியைப் பரீட்சை வைத்துக் கொடுக்கிற பிரெஞ்சுக்கார அதிகாரி அந்த முசே. ஊருக்குப் புதிது. எப்படி இருப்பார் என்று இருவருக்கும் தெரியாது. தொப்பி போட்டிருப்பார் என்பது மட்டும் நிச்சயம்.

மிராசுதாருக்குப் பாகூர்ப் பக்கம் நிறைய நிலமும் ஒரு காரும் இருந்தன. கார் ஓட்ட வராது. ஓட்டுகிறவன் மணவாளன். ஆனால் பெர்மி தன் பேரில் வர வேண்டும், அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்பது மிராசுதாரின் ஆசை. கரியமாணிக்கத்துப் பலராமன் போன மாசமே ஒன்றை மாட்டிவிட்டார். ஆகவே இன்றைக்கு அவருடைய கோட்டும் தலைப்பாகையும் போட்ட மணவாளன் மிராசுதார். மிராசுதார் அவனுடைய வேலைக்காரன். இதில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. செத்துப் பதினோரு வருஷமான அவருடைய தாத்தா போன எலெக்சனில்கூடத் தவறாமல் ஓட்டுப் போட்டிருந்தார். அதைப் பார்த்தால் இது ரொம்ப ஒழுங்கான காரியம்.

"பாஸானா காலத்துக்கும் நீதான்டா டிரைவர். ஊத்திக்கிச்சின்னா கார வித்துட்டு உன்ன ஏர் ஓட்ட அனுப்பிடுவேன்."

மணவாளன் தலையாட்டினான். இரண்டு வருஷமாக மாட்டு வாலைப் பார்க்காமல் நிம்மதியாக இருந்தவன் அவன். பரீட்சையில் என்ன இருக்கும் என்று திருக்கனூர் சிங்காரவேலுவிடம் கேட்டும் வைத்திருந்தான். சிங்காரவேலு மூன்று தடவை தோற்றவர், ஆகையால் விஷயம் தெரிந்தவர். பக்கத்தில் உட்காருவார், அதிகம் பேச மாட்டார், நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்து, ஏன் என்று மட்டும் கேட்காதே, மூன்றாம் தடவை நான் தோற்றது அதில்தான் என்று சொல்லியிருந்தார்.

பங்களாவிலிருந்து தொப்பி போட்ட கனத்த மனிதர் ஒருவர் வந்தார். கையில் நீளமாக ஒரு காகிதம், காதில் பென்சில். காரைப் பார்த்தார். நேராக முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"சந்தைக்கு வுடு."

"சரிங்க முசே," என்றான் மணவாளன். தொப்பிக்காரர் முகம் மலர்ந்தது.

சந்தை நெரிசலில் மாட்டையும் மனிதரையும் இடிக்காமல் கொண்டுபோய், கத்தரிக்காய்க் குவியலுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினான். தொப்பிக்காரர் இறங்கிக் காய்களைப் புரட்டிப் பார்த்தார். சக்கரம் பட்டு ஏதாவது நசுங்கியிருக்கிறதா என்று பார்க்கிறாராக்கும். காகிதத்தில் ஒரு கோடு போட்டார். முதல் மார்க். தொப்பியைக் கண்ட மாத்திரத்தில் காய்களும் தாமாகவே கூடைக்கு ஏறின.

"உன் ஆளத் தூக்கச் சொல்லு."

மணவாளன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டான். "கொஞ்சம் தூக்குறீங்களா?" என்றான் பின்சீட்டைப் பார்த்து.

தொப்பிக்காரர் மெதுவாகத் திரும்பினார். வேலைக்காரனை 'நீங்க' போடும் மிராசுதாரை அவர் அதுவரை பார்த்ததில்லை. குட்டு உடைந்தது என்று மணவாளன் பயந்துபோனான்.

"டேய் மணவாளா, மரமாட்டம் ஒக்காந்துனு கீறியே, எறங்கித் தூக்குடா."

தன் பேரைச் சொல்லித் தானே திட்டுவது அவனுக்கே ஒரு மாதிரி இருந்தது. மிராசுதார் தூக்கினார். அவருடைய கண்ணில் ஏரும் கலப்பையும் தெரிந்தன.

அப்புறம் பூசணிக்காய் வந்து மிராசுதார் மடியில் உட்கார்ந்தது. பாரம் ஏற்றி ஓட்டிக் காட்டும் பரீட்சை இது என்று மணவாளன் அவர் காதோடு சமாதானம் சொன்னான். ஆறு கோழிகள் ஏறின. சத்தத்தில் கவனம் சிதறுகிறதா என்று பார்க்கிறார்கள் என்றான். பாகூர் ஏரிக்கரை வரைக்கும் போய் விரால் மீன் வாங்கியது எந்தப் பரீட்சை என்று அவனுக்கே பிடிபடவில்லை. ஆனாலும் ஏன் என்று கேட்கவில்லை.

ஏரிக்கரையில் மிராசுதாரின் குத்தகைக்காரன் சின்னதம்பி ஓடிவந்து, பின்சீட்டைப் பார்த்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"யாரக் கும்புடுறான்?" என்றார் தொப்பிக்காரர்.

"அவனுக்குக் கண்ணு தெரியாது முசே. எங்க கோழி கத்துதோ அங்க வுழுவான்," என்று சொல்லிவிட்டு மணவாளன் வண்டியைக் கிளப்பினான். சின்னதம்பி புழுதிக்குள் மறைந்தான்.

திரும்பும்போது ஆற்று மணலில் சக்கரம் புதைந்தது. ஆளை இறங்கித் தள்ளச் சொன்னார் தொப்பிக்காரர். மிராசுதார் தள்ளினார். சக்கரம் சுற்றிய சுற்றில் ஈரமணல் மீசை வரைக்கும் அப்பியது. போதாது, ஓர் அதட்டல் போடு என்றார் தொப்பிக்காரர்.

"இன்னாடா, சோறுதான துன்ற?" என்றான் மணவாளன். அதை அவன் அவ்வளவு வாய் நிறையச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

கார் கிளம்பிவிட்டது.

பங்களா வந்ததும் தொப்பிக்காரர் இறங்கினார். காகிதத்தில் கோடு விழாத வரி ஒன்றுகூட இல்லை.

"நல்லா ஓட்டுற. ஆளுதான் சோம்பேறி. மாத்திடு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். காயும் கோழியும் விராலும் மிராசுதார் தலையில் ஏறி நாலு நடையாக அவர் பின்னால் போயின.

கடைசி நடை முடிந்து வந்த மிராசுதார் மீசை மணலைத் தட்டிவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோட்டையும் தலைப்பாகையையும் மணவாளன் மேலிருந்து உருவித் தான் போட்டுக்கொண்டார்.

"பின்னால போய் ஒக்காரு. பரீட்சதான் முடிஞ்சிடுச்சே, பெர்மிய என் கையாலதான் வாங்குவேன். வூட்டுக்கு வா, தள்ளுறது இன்னான்னு உனக்குக் காட்டுறேன்."

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, போட்டோவுக்கு உட்கார்வதுபோல் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். மணவாளன் பின்சீட்டில் கோழி இறகுகளுக்கு நடுவே ஒடுங்கினான். பாஸாகியும் ஏர்தான் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது.

பங்களாச் சேவகன் நாகராஜன் வெளியே வந்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்தவரைப் பார்த்துக் கும்பிட்டான்.

"எங்க சமையல்காரரச் சந்தைக்கு இட்டுனு போய் வந்ததுக்கு ரொம்ப சந்தோசம் சாமி, அப்படியே அசையாம ஒக்காந்திருங்க, முசே இப்பதான் எழுந்தாரு, பரீட்சை வைக்க வந்துனே கீறாரு."