நெல்லிக்காய் அளவு பூமியும் என் புது வேட்டியும்

வானவியல் புத்தகங்களில் படித்ததை உடனே யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். அந்த வியாதியால் ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன. மூன்றாவதாகத் திருச்செங்கோட்டுக்குப் பெண் பார்க்கக் கிளம்பியபோது அம்மா கெஞ்சினாள்: "அங்க போயி நட்சத்திரம் கிட்சத்திரம்னு வாயத் தொறந்துராத சாமி!"

பெண் காபி கொண்டுவந்தாள். ஒரே பார்வைதான்; கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் வாய் திறந்துகொண்டது (நானாகத் திறக்கவில்லை).

"இந்தப் பூமியவே நெல்லிக்கா அளவுக்கு அமுக்குனா, அதுலருந்து வெளிச்சங்கூட வெளிய வராதுங்க!"

(இப்போது கருந்துளை என்கிறார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் நானாக வைத்த பெயர் 'இருட்டு நட்சத்திரம்'.)

பெண்ணின் அப்பா வீட்டுக்குப் பின்னாலேயே பஞ்சை அமுக்கிப் பொதியாக, அதாவது பேலாக, கட்டும் பிரஸ் வைத்திருந்தவர். அமுக்குவது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க, மனுசனால அப்படி அமுக்க முடியுமுங்களா?"

"பலம் பத்துனா முடியுமுங்க!"

"அட, நம்ம பிரஸ்ஸப் பாத்துட்டுச் சொல்லுங்க, வாங்க!"

அவருக்கு முன்னால் நான் ஓடினேன். மேடையேறி, பஞ்சுப் பெட்டியின் விளிம்போரம் நின்றேன். ஆட்கள் சக்கரத்தைச் சுற்ற, அமுக்குபலகை இறங்கத் தொடங்கியது.

"அந்த நெல்லிக்கா பூமிக்குக் கிட்டப் போனா என்னாகுமுங்க?" என்றார்.

"இந்த விளிம்புதான் எல்லைன்னு வெச்சுக்கங்க மாமா (அதற்குள் மாமா!). இதத் தாண்டுன எதுவும் திரும்பாதுங்க!" என்று குனிந்து கையை ஆட்டி விளக்கினேன். புது வேட்டியின் நுனி எல்லையைத் தாண்டிவிட்டது. பலகை கவ்விக்கொண்டது. நான் இழுத்தேன், அதுவும் இழுத்தது. கடைசியில் வேட்டியை அதனிடமே விட்டுவிட்டேன்.

கோவணத்தோடு நின்றேன். மூன்றாவது சம்பந்தமும் போச்சு என்று அழுகையே வந்துவிட்டது.

"நிறுத்துங்கடா! மாப்பிள்ளை வேட்டிய வெளிய எடுங்கடா!" என்று அவர் கத்தினார்.

வீட்டு ஜன்னலிலிருந்து பெண்ணின் குரல் வந்தது: "அதெப்படிங்கப்பா வரும்? வெளிச்சமே வராதுன்னாங்களே!"

என் பேச்சை ஒருத்தி முழுசாகக் கேட்டிருக்கிறாள்! கோவணத்தை மறந்து குதித்தேன். அவள் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் தன் துண்டை என் இடுப்பில் கட்டிவிட்டு, உள்ளே கூட்டிப்போய்த் தட்டு மாற்றினார்.

இன்றைக்கும் வீட்டில் சாவி காணோமென்றால், "வேட்டி போன எடத்துல பாருங்க" என்பார்கள். போன வாரம் பேரன் கேட்டான், மனிதனால் கருந்துளைக்குப் பக்கத்தில் போக முடியுமா என்று. நான் உற்சாகமாக வாயைத் திறப்பதற்குள் அவன் பாட்டி முந்திக்கொண்டாள்:

"உங்க தாத்தா போயிருக்காரு சாமி. வேட்டியக் குடுத்துட்டு, என்னக் கூட்டிட்டு வந்தாரு."